அது கணக்கில் வருமா?

எண்பதுகளின் நடுவில் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் சுரங்க லைன் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது ஸ்பைடருக்காக. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் ஒரு ஸ்பைடர் இருந்தான். கறுப்பு உடை, கூரான காது, ஒரு கையில் வலைத் துப்பாக்கி, இன்னொரு கையில் வாயுத் துப்பாக்கி, கூடவே பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள். தூர்தர்ஷன் கார்ட்டூனில் இன்னொருவன் வந்தான். முகம் முழுக்க மூடியவன், மணிக்கட்டிலிருந்து வலை விடுகிறவன். அவன் உடை சிவப்பும் நீலமும் என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் லைனில் இருந்ததோ கறுப்பு வெள்ளை டிவி. அதனால் எங்களுக்கு இரண்டு பேரும் ஒரே சாம்பல் நிறம்.

"டிவில வர்றவன்தான்டா இவன். வேஷம் மாத்திட்டான், அவ்ளோதான்" என்றது ஒரு கட்சி. "அது கணக்குல வராது. புக்குல இருக்கிறதுதான் கணக்கு" என்றது இன்னொன்று. நான் புத்தகக் கட்சி. இன்றுவரை அந்தச் சண்டையை நான் சின்ன விஷயமாக நினைத்ததில்லை. அமெரிக்காவில் பெரிய மனிதர்கள் இதே கேள்விக்காக வருஷக்கணக்கில் மோதிக்கொள்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கார்ட்டூன் தொடர் ஓடுகிறது, அதையொட்டி ஒரு காமிக்ஸும் வருகிறது. காமிக்ஸில் நடந்தது தொடரின் கதையில் நடந்ததாகக் கணக்கா, இல்லையா?

எங்கள் சண்டைக்கு வரலாறு எளிய விடை வைத்திருந்தது. லயன் காமிக்ஸின் ஸ்பைடர் பிரிட்டிஷ்காரன். 1965-இல் 'லயன்' என்ற வாரப் பத்திரிகையில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையப் பிறந்தவன். முதலில் குற்றவாளிகளுக்கு ராஜாவாக வேண்டும் என்று அலைந்தவன், பின்னால் நல்லவன் பக்கம் திரும்பினான். அவன் கதைகளைப் பிறகு எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். டிவியில் வந்தவனோ 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அமெரிக்காவில் உருவாக்கிய ஸ்பைடர்மேன். தூர்தர்ஷன் காட்டியது அவனைப் பற்றி 1967-இல் அங்கே எடுத்த கார்ட்டூன். இரண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் மாரிகுப்பம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இதைச் சொல்ல யார் இருந்தார்கள்?

புத்தகம் எங்களிடம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு ரயில் போட்டது சுரங்கத்துக்காக. அதே ரயிலில்தான் சென்னைப் பத்திரிகைகளும் சிவகாசிக் காமிக்ஸும் வந்து இறங்கின. கர்நாடகத்துக்குள் இருந்தாலும் சுரங்க லைன்களில் வீட்டுக்கு வீடு தமிழ்தான். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தர்மபுரி என்று பஞ்சத்துக்கும் ஊர்க் கொடுமைக்கும் தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். புது இதழ் வாங்கக் காசு இருக்காது. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஓர் அண்ணன் சைக்கிள் கடையின் ஓரத்தில் காமிக்ஸ் வாடகைக்கு விட்டார். ஒரு நாளைக்கு 25 காசு. ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் கோணி ஊசியால் தைத்து, சிமெண்ட் மூட்டைத் தாளில் அட்டை போட்டு, மேலே நீல மையில் பெயர் எழுதி வைத்திருப்பார்.

அந்தக் கடையில் மவுசு இரும்புக்கை மாயாவிக்குத்தான். 1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன் பெயரில்தான். 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' பத்திரிகையில் கென் பல்மர் எழுத, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கதை அது. லூயிஸ் கிராண்டல் என்பவனுக்கு ஒரு கை போய் இரும்புக்கை. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். இதை எங்கள் பையன்கள் சட்டென்று பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. பெங்களூர்த் தெருவிளக்குக்கு முன்னால் எங்கள் சுரங்கத்துக்குக் கரண்ட் வந்தது. கரண்ட் என்றால் என்ன செய்யும், ஆளை எப்படித் தூக்கி அடிக்கும் என்று வீட்டுக்கு ஒருவருக்கு நேராகத் தெரியும்.

'பாதாள நகரம்' என்ற மாயாவி இதழின் கடைசிப் பக்கம் அண்ணன் கடைப் பிரதியில் இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒருவன் முடிவைத் தானே எழுதினான். கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் கட்டம் கட்டி, படம் வரைந்து, அண்ணனிடம் கொடுத்துத் தைக்கச் சொன்னான். அதில் மாயாவி மறைய வேண்டும். கரண்டுக்கு எங்கே போவது? டென்னன்ட்ஸ் ஷாஃப்ட்டின் வைண்டிங் இன்ஜின் ரூமுக்குள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துவிடுகிறான். மாயாவி எங்கள் ஊருக்கே வந்துவிட்டான்! அதைப் பார்த்துவிட்டு வேறொருவன் இன்னொரு முடிவு எழுதினான். அதில் மாயாவி பறந்து போகிறான். அதை யாரும் ஏற்கவில்லை. "மாயாவி எங்கடா பறந்தான்? கணக்குல வராது" என்று கடையிலேயே கிழித்துப் போட்டார்கள்.

பிறகு முழுப் பிரதி ஒன்று வந்தது. அச்சில் இருந்த முடிவு வேறு. ஆனாலும் பென்சில் தாளை அண்ணன் பிரித்தெடுக்கவில்லை. புதுப் பிரதியைப் படித்துவிட்டு, பழையதையும் 25 காசு கொடுத்துக் கேட்டு வாங்கிப் படித்த பையன்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு பென்சில் முடிவுகளுக்கும் நடந்த தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். முதலாமவன் மாயாவியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோனான். ஆனால் கரண்ட் இல்லாமல் அவனை மறைய விடவில்லை. அதுவரை நடந்த கதைக்கு அவன் கட்டுப்பட்டான். இரண்டாமவன் கட்டுப்படவில்லை.

வேதாளர் விஷயம் இதைவிடச் சிக்கல். லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17-இல் தொடங்கிய ஃபேண்டம் முத்து காமிக்ஸில் வேதாளர். தினத்தந்திக் குடும்பத்தின் ராணி காமிக்ஸில் அவரே முகமூடி வீரர் மாயாவி. மும்பையிலிருந்து 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் அவருடைய நாட்டின் பெயரையே மாற்றினார்கள். மூலத்தில் பெங்காலி என்று இருந்தது வங்காளிகளைச் சுட்டுவதுபோல் ஆகுமே என்று டெங்காலி ஆக்கினார்கள். சிங் கொள்ளையர் இங்கே சிங்கா கொள்ளையர் ஆனார்கள். பெயர் மாறியும் எங்களில் யாருக்கும் அவர் வேறு ஆளாகத் தோன்றவில்லை. மண்டையோட்டுக் குகை அதே குகை, 1536-இல் எடுத்த சத்தியம் அதே சத்தியம், இருபத்தொன்றாவது தலைமுறை அதே தலைமுறை.

அதே வேதாளரை 1986-இல் அமெரிக்கர்கள் கார்ட்டூனில் இறக்கினார்கள். 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' என்று பெயர். அதில் மாண்ட்ரேக்கும் உண்டு, லொதாரும் உண்டு, ஃப்ளாஷ் கார்டனும் உண்டு. வேதாளர் இருபத்தேழாவது தலைமுறை, ஜெட்டா என்று ஒரு மகள். பத்துப் புலிகளின் பலம் அவருக்கு உண்டு என்று காட்டுவாசிகள் பெருமையாகச் சொல்வது மூலத்தில் வெறும் சொலவடை. கார்ட்டூனில் அவர் காட்டு நியதியைக் கூவி அழைத்தால் நிஜமாகவே பத்துப் புலிகளின் பலம் உடம்பில் ஏறுகிறது. அதையொட்டி மார்வெல் கம்பெனி 1987-இல் நாலு காமிக்ஸும் போட்டது. தலைமுறைக் கணக்கு இடம் கொடுக்கும். இருபத்தொன்றுக்குப் பிறகு இருபத்தேழு வரத்தான் செய்யும். புலிப் பலத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சாகக்கூடிய சாதாரண மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு சாகாதவர்போல் நடப்பதுதான் அந்தக் கதையின் உயிர். மந்திரப் பலம் வந்தபின் முகமூடி எதற்கு?

அதுவரை நடந்த கதைக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற இந்த அளவுகோலை நான் காமிக்ஸில் கற்கவில்லை, கூத்தில் கற்றேன். வட ஆற்காட்டு ஜனங்கள் தங்கவயலுக்கு வரும்போது மாரியம்மனோடு பாரதக் கூத்தையும் கொண்டுவந்தார்கள். என் தாத்தா வந்தவாசிப் பக்கத்துக்காரர். அடியில் வேலை செய்து நெஞ்சில் தூசி ஏறி வீட்டோடு இருந்தவர். கூத்து என்றால் இருமலை அடக்கிக்கொண்டு விடியவிடிய உட்காருவார். அரவான் களப்பலி ராத்திரி என்றால் யாரையும் தூங்க விடமாட்டார். போருக்கு முன்னால் பாண்டவர்கள் ஜெயிக்க முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவன் பலியாக வேண்டும். அர்ச்சுனனுக்கு நாககன்னியிடம் பிறந்த அரவான் ஒப்புக்கொள்கிறான். வேஷக்காரர் ஒவ்வொரு அங்கமாக அறுத்துக் காளிக்குக் கொடுப்பதாக ஆடும்போது பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்கும். மத்தளக்காரர் அடியை நிறுத்திவிட்டு, அந்த விசும்பல் அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த தாளத்தை எடுப்பார்.

ஸ்கூல் லைப்ரரியில் ராஜாஜியின் 'வியாசர் விருந்து' எடுத்துப் படித்தேன். அதில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்பசன் கையில் சாகிறான். பலி என்ற பேச்சே இல்லை. தாத்தாவிடம் சண்டைக்குப் போனேன்.

"தாத்தா, அவன் எட்டாம் நாளு சண்டையிலதான் செத்தானாம். புஸ்தகத்துல போட்டிருக்கு. கூத்துல பொய் சொல்றாங்க."

"ரெண்டு தபாவும் செத்தான்டா. பலிக்கு ஒரு தபா, சண்டைக்கு ஒரு தபா. அவன் வரம் கேட்டு வாங்கினது நீ பாக்கல? தூங்கிட்டியா?"

தாத்தா சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்று பிறகு படித்தபோதுதான் புரிந்தது. களப்பலி வியாசரில் இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அது தமிழில் வந்துவிட்டது. பின்னால் வில்லிபுத்தூரார் அதை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர் எட்டாம் நாளைத் தூக்கிப் போடவில்லை. பலியான பிறகும் சில நாள் போரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அரவான் வரம் கேட்டான், கிருஷ்ணன் கொடுத்தான், ஆகவே எட்டாம் நாள் போர்க்களத்திலும் அவன் இருந்தான். மூலத்தில் நடந்தது நடந்ததுதான். கிளைக்கதையும் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரம். தெருவில் ஆடுகிறவர்கள் அதற்கு மேலும் போய், அவன் தலை பதினெட்டு நாளும் கம்பத்தின் மேலிருந்து போரைப் பார்த்தது என்றார்கள். கூவாகத்தில் இன்றும் சித்திரை மாதம் அவனுக்காகத் தாலி கட்டி, தாலி அறுத்து அழுகிறார்கள். வியாசர் கணக்கில் இல்லாத ஒரு சாவுக்கு இத்தனை நூற்றாண்டு ஒப்பாரி. இதைக் கணக்கில் வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்கக் கார்ட்டூன்காரர்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். 1992-இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூனில் ஜோக்கரின் கையாளாக ஹார்லி க்வின் என்ற பெண் வந்தாள். காமிக்ஸில் அதற்கு முன் அவள் இல்லை. கார்ட்டூனை ஒட்டி 'தி பேட்மேன் அட்வெஞ்சர்ஸ்' என்ற காமிக்ஸ் வந்தது. அதன் வரிசையில் 1994-இல் பால் டினியும் புரூஸ் டிம்மும், அதாவது கார்ட்டூனை எடுத்தவர்களே, 'மேட் லவ்' என்ற இதழைப் போட்டார்கள். மனநல மருத்துவராக இருந்த ஒருத்தி எப்படி ஜோக்கரின் பைத்தியத்தில் விழுந்தாள் என்ற கதை. அதுவரை அவள் சிரிப்புக்கான துணைப் பாத்திரம். அந்த இதழுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரிப்பது கஷ்டம். 1999-இல் அதே கதையைக் கார்ட்டூனே ஓர் அத்தியாயமாக எடுத்துக்கொண்டது. பெருந்தேவனாரை வில்லிபுத்தூரார் எடுத்துக்கொண்டது போலத்தான்.

'யங் ஜஸ்டிஸ்' என்ற தொடர் இன்னும் நேரான உதாரணம். 2010-இல் தொடங்கியது. 2011 முதல் 2013 வரை அதையொட்டி வந்த காமிக்ஸில் பெரும்பாலானவற்றை, தொடரைத் தயாரித்த கிரெக் வைஸ்மனே எழுதினார், சிலவற்றை இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். தொடரில் காட்சிக்குக் காட்சி தேதியும் நேரமும் போடுவார்கள். காமிக்ஸிலும் அப்படியே போட்டார்கள். தொடரில் முதல் பருவத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஐந்து வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்த இடைவெளிக்குள் நடந்த சிலதைக் காமிக்ஸ்தான் சொல்கிறது. எல்லாம் ஒரே கதைதான் என்று வைஸ்மன் வெளிப்படையாகவே சொன்னார். எழுதியவர் சொல்லிவிட்டார் என்பது எனக்கு முழுக் காரணம் ஆகாது. காமிக்ஸில் ஒருவனுக்கு அடிபட்டால் தொடரில் அந்தத் தேதிக்கு மேல் அதை மறக்க மாட்டேன் என்ற பொறுப்பை அவர் தேதி போட்டு ஏற்றுக்கொண்டார். அதுதான் காரணம்.

தங்கவயலில் இந்தக் கேள்வியைக் காமிக்ஸுக்கு வெகுகாலம் முன்பே, வேறு தீவிரத்தில் கேட்டவர்கள் இருந்தார்கள். 1907-இல் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உறுதியான வாசகர்கள். பௌத்த சங்கங்கள் வைத்து, ஷிஃப்ட் முடிந்து வந்து, வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். புராணம் என்று நீங்கள் கும்பிடுவது பின்னால் வந்து மேலே எழுதப்பட்டது, அதற்கு அடியில் பௌத்தர்களான உங்கள் முன்னோரின் சரித்திரம் இருக்கிறது என்றார் பண்டிதர். தீபாவளியைக்கூட, எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள் என்று வேறு கதை சொன்னார். 1914-இல் அவர் மறைந்த பிறகு, 1926-இல் 'தமிழன்' பத்திரிகைக்குத் தங்கவயலிலேயே ஜி. அப்பாதுரையார் மறுபடி உயிர் கொடுத்தார். இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகமாக்கியது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரித்திரமாக நிற்குமா என்று அறிஞர்கள் வாதாடட்டும். கிளைக்கதை வளர்ந்து மூலத்தையே மூடிவிட முடியும் என்பதை எங்கள் லைன் ஜனங்கள் அவரிடமிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தாத்தா கூத்துக்குப் போவார், அவர் தம்பி சங்கத்துக்குப் போவார். ஒரே திண்ணையில் இரண்டும் நடந்தது.

இவ்வளவும் இப்போது எழுதுவதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பெயரில் வந்த ஒரு சினிமா. 2018 டிசம்பரில் 'கே.ஜி.எஃப்.' முதல் பாகம் வந்தது, 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம். பிரசாந்த் நீல் இயக்கம், யஷ் நாயகன். சுரங்கக் கழிவு மண் குவிந்த எங்கள் சயனைட் மேட்டில் செட் போட்டுப் படமெடுத்தார்கள். நல்ல படம்தான், இரண்டு பாகமும் தியேட்டரில் போய்ப் பார்த்தேன். அந்தப் படமே, தடைசெய்யப்பட்ட ஒரு புத்தகத்தில் எழுதியிருந்ததைச் சொல்வதாகத்தான் தொடங்குகிறது. 1951-இல் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது, அதே சமயம் நாயகன் ராக்கி பிறக்கிறான். நராச்சி என்ற சுரங்கம், அதை ஒரு குடும்பம் அடிமைகளை வைத்து ரகசியமாக நடத்துகிறது.

1951-இல் என் தாத்தா அடியில் இறங்கிக்கொண்டிருந்தார். அப்போது மைசூர் மைன்ஸ் ஆழம் தோண்டி எழுபது வருஷம் ஆகிவிட்டது. ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880-இல். ரகசியமாக ஒன்றும் நடக்கவில்லை. லண்டனில் பங்கு விற்றுத்தான் நடத்தினார்கள். எங்கள் ஜனங்கள் வாய் பொத்திக் கிடந்து ஒரு ராக்கிக்காகக் காத்திருக்கவும் இல்லை. 1930-இல் தொழிலாளர் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்டு மூன்று வாரம் ஷாஃப்ட்டில் இறங்காமல் நின்றார்கள். 1946 நவம்பர் 4-இல் போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். 1956-இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசு, 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று பெயர், 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் இங்கிருந்து போயிற்று. கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், மேலே குடிக்கத் தண்ணீருக்கு வரிசை. அடியில் பாறை வெடித்தால் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். ராத்திரியில் தரை அதிர்ந்து பாத்திரம் உருண்டால், அந்த ஷிஃப்ட்டுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். இதில் எதுவும் நராச்சியில் இல்லை. வரம் ஒன்று வாங்கி எட்டாம் நாளையும் காப்பாற்றிய வில்லிபுத்தூராரின் கவனத்தில் கொஞ்சம், தேதி போட்ட வைஸ்மனின் கவனத்தில் கொஞ்சம் அந்தப் படத்துக்கு இருந்திருந்தால், ராக்கியையும் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊரில் ஒரு மாயாவிக்கே இடம் இருந்தது.

சயனைட் மேட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்ப் பிள்ளைகள் பைக்கில் வருகிறார்கள். நராச்சி கேட் எங்கே இருந்தது, ராக்கி முதலில் எந்த வழியாக உள்ளே போனான் என்று டீக்கடையில் விசாரிக்கிறார்கள். ஆசையோடு கேட்கிறார்கள், அதனால் நான் கோபப்படுவதில்லை. செட் போட்ட இடத்தைக் கையைக் காட்டிச் சொல்லிவிட்டு, இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து, 1930-இல் கைரேகை வைக்க மாட்டேன் என்று நின்றவர்களிலிருந்து தொடங்குகிறேன்.